சோறு எங்கிருந்து வந்தது, தளபதி?

கே: இப்போது உங்கள் தலைமாட்டில் இருக்கும் புத்தகம் எது?
– வங்கி ஊழியர், கும்பகோணம்

ப: வில்லியம் ஸ்லிம் எழுதிய ‘டிஃபீட் இன்டு விக்டரி’. 1956-இல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் களத்தின் தளபதி. தளபதிகளின் சுயசரிதைகள் பெரும்பாலும் ஒரே ராகம்: ஜெயித்தால் என் வியூகம், தோற்றால் மழை. ஸ்லிம் வேறு சாதி. 1942-இல் ஜப்பானியரிடம் அடிவாங்கி, சுமார் 900 மைல் பின்வாங்கி இந்திய எல்லைக்கு வந்து சேர்ந்த கதையை நிதானமாகச் சொல்கிறார். எங்கெங்கே தன் கணக்கு தப்பியது என்பதையும் மறைக்கவில்லை.

எனக்குப் பிடித்த இடம் மலேரியா. 1943-இல் காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒவ்வொரு சிப்பாய்க்கும் 120 பேர் நோயால் வெளியேற்றப்பட்டார்களாம். மருந்து இருந்தது, மெபாக்ரின் என்ற மஞ்சள் மாத்திரை. அதை விழுங்கினால் ஆண்மை போய்விடும் என்று எவனோ கிளப்பிவிட, பையன்கள் துப்பிவிட்டார்கள். ஸ்லிம் திடீர்ச் சோதனை நடத்தினார். 95 சதவீதம் பேர் உடம்பிலாவது மருந்து இல்லையென்றால் அந்தப் படைப்பிரிவின் அதிகாரிக்கு வேலை போச்சு. மூன்று பேரை அனுப்பியதுமே மற்றவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

போர்ப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நான் தேடுவது இதைத்தான். சிப்பாய் என்ன தின்றான், காலில் என்ன மாட்டியிருந்தான், எந்த நோயில் படுத்தான்? இதைச் சொல்லாதவர் எவ்வளவு பெரிய பேராசிரியராக இருந்தாலும் பழைய புத்தகக் கடைதான்.

கே: வரைபடங்களைப் பார்க்காமல் பக்கத்தைத் தள்ளிவிடலாமா?
– ஆட்டோ ஓட்டுநர், ஈரோடு

ப: தாராளமாக. பல தளபதிகள் அப்படித்தான் போரே நடத்தியிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் விடாதீர்கள். மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1869-இல் வரைந்தது. 1812-இல் நெப்போலியனோடு ரஷ்யாவுக்குள் போன 4,22,000 பேரை ஒரு தடித்த பட்டையாக வரைந்திருப்பார். மாஸ்கோ போகப் போக அது மெலியும். திரும்பி வரும்போது, கீழே குளிரின் அளவு இறங்க இறங்க, நூலாகி 10,000-இல் முடியும். அம்புக்குறி போட்டு வீரம் காட்டும் படங்களுக்கு நடுவே, ஆள்கணக்கு பார்த்த படம்.

கே: என் கணவர் வெங்காயம் நறுக்கினாலே விரலை அறுத்துக்கொள்வார். ஆனால் ஸ்டாலின்கிராடில் ஜெர்மன்காரன் எங்கே கோட்டை விட்டான் என்று ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு விளக்குகிறார். போருக்குப் போகாதவர்களுக்கு இதெல்லாம் எதற்கு?
– இல்லத்தரசி, திருச்சி

ப: அவரை ‘தி ஃபேஸ் ஆஃப் பேட்டில்’ படிக்கச் சொல்லுங்கள் (1976). எழுதிய ஜான் கீகன், பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். சிறுவயது நோயால் கால் ஊனம். ராணுவத்தில் சேர வழியில்லை. நான் எந்தப் போரையும் பார்த்தவனல்ல என்று சொல்லித்தான் புத்தகத்தையே தொடங்குகிறார். பார்க்காததால்தான் பார்த்தவர்களுக்குத் தோன்றாத கேள்வி அவருக்குத் தோன்றுகிறது. குதிரை ஒன்று, நெருக்கியடித்து நிற்கும் மனிதச் சுவரின்மேல் உண்மையிலேயே பாயுமா? பாயாது, திரும்பிவிடும். சினிமாக்காரர்கள் பாவம், குதிரையிடம் கேட்கவில்லை.

ஸ்டீபன் கிரேன் பிறந்தது 1871. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து ஆறு வருஷம் கழித்து. அந்தப் போரை வைத்து அவர் எழுதிய ‘தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்’ 1895-இல் வந்தபோது அவர் ஒரு போர்க்களத்தையும் கண்டதில்லை. ஆகவே கணவரை விட்டுவிடுங்கள். வெங்காயத்தை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள்.

கே: ‘போரும் வாழ்வும்’ ஐம்பது பக்கம் தாண்ட முடியவில்லை. ஆளுக்கு மூன்று பெயர். என்ன செய்வது?
– ஆசிரியர், தென்காசி

ப: டி.எஸ். சொக்கலிங்கம் அத்தனையையும் தமிழில் பெயர்த்திருக்கிறார். நமக்குப் படிக்க வலிக்கிறது! சரி, குறுக்குவழி ஒன்று உண்டு. டால்ஸ்டாய் இளைஞராக இருந்தபோது கிரீமியப் போரில் பீரங்கிப் படை அதிகாரி. அந்த அனுபவத்தை வைத்து எழுதிய செவஸ்தபோல் கதைகள் மூன்றுதான், சிறியவை. அதில் பழகிக்கொண்டு பெரிய நாவலில் நேரே போரதினோ போருக்குப் போங்கள். பியேர் என்ற கனவான் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போய், பீரங்கிக்காரர்களின் வழியை மறித்துக்கொண்டு நிற்பார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி வருவீர்கள். வராவிட்டாலும் குற்றமில்லை.

போரை இப்படி எழுதத் தனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஸ்தாந்தால் என்று டால்ஸ்டாயே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஸ்தாந்தாலின் நாவலில் (1839) ஒரு பையன் வாட்டர்லூவில் நாள் முழுக்க அலைந்துவிட்டு, நான் பார்த்தது நிஜமாகவே போர்தானா என்று குழம்புவான். ஸ்தாந்தால் 1812-இல் நெப்போலியனோடு மாஸ்கோ போனவர். வேலை? படைக்குத் தீனி சேர்க்கும் பிரிவில். சோற்றுக் கணக்கு பார்த்தவருக்குத்தான் போர் தெரிந்திருக்கிறது.

கே: நான் சாண்டில்யன் படித்து வளர்ந்தவன். அதெல்லாம் போர் இலக்கியம் இல்லையா?
– ஓய்வுபெற்ற ஹவில்தார், வேலூர்

ப: யார் இல்லையென்றது? ‘கடல் புறா’ நாயகன் கருணாகர தொண்டைமானை வைத்தே பேசுவோம். அதே ஆள்தான் ‘கலிங்கத்துப் பரணி’யில் குலோத்துங்கனின் தளபதி. சாண்டில்யன் அவருக்குக் கப்பலும் கொடுத்து, காஞ்சனாதேவி, மஞ்சளழகி என்று இரண்டு காதலிகளையும் கொடுத்தார். ஜெயங்கொண்டார் கொடுத்தது பிணக்குவியல். போர் முடிந்ததும் அந்தக் களத்தில் பேய்கள் அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சி, பந்தி வைத்துப் பரிமாறி, வயிறார உண்கின்றன. மன்னனைப் புகழ வந்த நூல்தான். ஆனாலும் போரால் வயிறு நிறைந்தது யாருக்கு என்று புலவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார் பாருங்கள்.

கே: சன் ட்சூவின் போர்க்கலை படித்தால் அலுவலகத்தில் முன்னேறலாமாமே?
– ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

ப: சண்டை போடாமல் ஜெயிப்பதே உத்தமம் என்கிறார் அவர். உங்கள் மேனேஜரும் அதைப் படித்திருப்பார். இன்க்ரிமென்ட் வராது.

கே: தமிழில் நவீனப் போர் நாவல் ஒன்று சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவர், சிவகங்கை

ப: உங்கள் மாவட்டத்துக்காரரையே சொல்கிறேன். சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் எழுதிய ‘புயலிலே ஒரு தோணி’ (1972). பதினெட்டு வயதில் இந்தோனேசியாவின் மெடானுக்கு வேலைக்குப் போனவர். ஜப்பானியர் வந்ததை அங்கிருந்தே பார்த்தவர். ஊர் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். நாவலில் வட்டிக்கடைப் பெட்டியடிப் பையன்களும் அடுத்தாள்களும் இருக்கிற தெருவுக்குள் உலகப் போர் நடந்து வருகிறது. கணக்கெழுதிக்கொண்டிருந்த பாண்டியன் நேதாஜியின் படையில் சேருகிறான். சாகசம், குடி, மதுரைத் தெருக்களின் நினைப்பு, தமிழ்ப் பெருமைமீது கிண்டல் எல்லாம் ஒரே மூச்சில் வரும்.

அது முடிந்ததும் மலேசியாவின் ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’. சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதையில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். 1957-இல் அதே பாதையைப் பற்றி ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ என்ற சினிமா வந்தது. வெள்ளைக்காரக் கைதிகள் சீட்டியடித்துக்கொண்டு பாலம் கட்டினார்கள், ஏழு ஆஸ்கார் வாங்கினார்கள். கைதிகளைவிடப் பல மடங்கு செத்த ஆசியக் கூலிகளின் கதைக்கு அதில் இடமில்லை. நம் ஆள் எழுதித்தான் நமக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

கே: போர்ப் புத்தகம் ஆண்களின் ஏகபோகமா?
– முதுகலை மாணவி, விருதுநகர்

ப: அப்படித்தான் ஆக்கிவைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் சோவியத் படையில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். குறிபார்த்துச் சுடுபவர், விமானி, டாங்கி ஓட்டுநர் எல்லாம் உண்டு. ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் அவர்களைத் தேடிப்போய்ப் பேசவைத்து 1985-இல் ஒரு புத்தகம் போட்டார். 2015-இல் நோபல். அந்தப் பெண்கள் சொல்வது வியூகத்தை அல்ல. கொடுத்த பூட்ஸ் ஒவ்வொன்றும் ஆண்களின் அளவு, உள்ளாடையும் ஆண்களுடையது என்கிறார்கள். ஒரு வீட்டில், பேட்டிக்கு முந்தைய ராத்திரி கணவர் உட்கார்ந்து மனைவிக்குப் போர் வரலாற்றை மனப்பாடம் செய்விக்கிறார்! போனது அந்த அம்மாவும்தான். திருச்சி வாசகி கவனிக்க.

கே: மேலே சொன்ன புத்தகங்களில் ஏதாவது ஒன்றை இரவல் தருவீர்களா? பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவேன்.
– பெயர் வேண்டாம், மதுரை

ப: வசீலி கிராஸ்மன் ஸ்டாலின்கிராடில் நிருபராக இருந்துவிட்டு ‘லைஃப் அண்ட் ஃபேட்’ நாவலை எழுதினார். 1961-இல் கே.ஜி.பி. வீடு புகுந்து கையெழுத்துப்படி, கார்பன் தாள், டைப்ரைட்டர் ரிப்பன் வரை அள்ளிப்போனது. 1964-இல் அவர் செத்துப்போனார். நண்பர்களிடம் கொடுத்துவைத்த பிரதி தப்பி, 1980-இல் சுவிட்சர்லாந்தில் அச்சேறியது. கொடுத்த புத்தகம் உடனே திரும்பி வராததால் இலக்கியத்துக்கு நன்மை நடந்ததாக எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். உங்கள் விஷயத்தில் அந்த அபாயத்தை எடுக்க நான் தயாரில்லை.