தீபாவளிக்குத் துணி எடுத்தல்: நெரிசலும் நிதானமும்

சென்னை தியாகராய நகரில், மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டித் தொடங்கி உஸ்மான் சாலையில் போய் முடியும் ரங்கநாதன் தெரு, சாதாரண நாளின் காலைப்பொழுதில் சில நிமிடங்களில் கடந்துவிடக் கூடிய நீளமே உடையது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலையிலோ, அதே நீளத்தை மீட்டர்க் கணக்கை விட்டுவிட்டுப் பொறுமையால் அளக்க வேண்டியிருக்கிறது. கூட்டங்களின் இயக்கத்தை ஆராய்ந்த அமெரிக்கரான ஜான் ஃப்ரூயின், ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஏறக்குறைய 7 பேர் என்ற அளவை எட்டியதும் கூட்டம் தனித்தனி மனிதர்களாக இயங்குவது நின்று, கிட்டத்தட்ட ஒரு திரவமாகவே ஆகிவிடுகிறது என்று எழுதினார். அந்த அளவு உயிருக்கே ஆபத்தானது. நல்வினைப் பயனாக இத்தெரு அதற்குச் சற்று முன்னதாகவே நின்றுகொள்கிறது என்றாலும், இங்கே மக்கள் நடப்பதில்லை, நடத்திச் செல்லப்படுகிறார்கள். குக்கருக்கு ரப்பர் வளையம் வாங்கப் புறப்பட்டவர் குழந்தைகள் உடைப் பிரிவின் இரண்டாம் தளத்தில் கரையேறுவதும், அவ்வளவு தூரம் வந்துவிட்ட பாவத்துக்காகப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு சட்டை எடுத்துக்கொண்டு இறங்குவதும் இந்தத் திரவ இயக்கத்தின் விளைவுகளே ஆகும்.

இப்பகுதி முதலில் வாணிகத்துக்காக வகுக்கப்பட்டதன்று. நீண்ட ஏரி என்று வழங்கிய பெரிய நீர்நிலையின் மாம்பலம் பகுதியைத் தூர்த்து, 1920களில் ஒரு குடியிருப்பாகத் திட்டமிடப்பட்ட இந்நகர், நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான பிட்டி தியாகராயரின் பெயரைப் பெற்றது. நடுவிலுள்ள பூங்காவுக்கு அதே கட்சியைச் சேர்ந்த முதலமைச்சரான பனகல் அரசரின் பெயர் வாய்த்தது. தீபாவளி வரும் ஐப்பசியே வடகிழக்குப் பருவமழை தொடங்கும் மாதமுமாக இருப்பதால், தூர்க்கப்பட்ட ஏரி ஆண்டுக்கொரு முறை தன் பழைய முகவரிக்கு வந்து, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போகிறது. அத்தகைய நாளில் புதுச் செருப்பு வாங்கச் சென்றவர் காலில் இருந்த பழைய செருப்பையும் கணுக்கால் நீரில் விட்டுவிட்டுத் திரும்பினால், அதை நகரமைப்பு வரலாற்றின் தொடர்ச்சியாகக் கொள்வதே முறை.

எல்லாரும் ஒரே நாளில் வருவானேன் என்ற கேள்விக்கு, வருகிற எல்லாரும் மற்றவர்களைக் குறித்தே அக்கேள்வியைக் கேட்கிறார்கள் என்பதைத் தவிர, ஒரு பொருளாதாரக் காரணமும் உண்டு. போனஸ் வழங்கல் குறித்த சட்டம், அதன் வரம்புக்குள் வரும் தொழிலாளருக்கு ஆண்டு ஊதியத்தில் குறைந்தது 8.33 விழுக்காட்டையும் மிகுதியாக 20 விழுக்காட்டையும் போனஸாக அளிக்க வகை செய்கிறது, 8.33 என்ற விசித்திர எண் பன்னிரண்டில் ஒரு பங்கைக் குறிப்பது, அதாவது ஒரு மாதச் சம்பளம். தமிழ்நாட்டில் இப்பணம் பெரும்பாலும் தீபாவளியை ஒட்டியே கைக்கு வருவதாலும், வந்த பணத்துக்கும் பண்டிகைக்கும் இடையே ஒன்றிரண்டு ஞாயிறுகளே எஞ்சுவதாலும், ஊர் முழுவதும் ஒரே தெருவில் கூடுவது தவிர்க்க இயலாததாகிறது. வார நாளின் முற்பகலில், கடை திறந்து ஒரு மணி நேரத்துக்குள், பணியாளர்கள் நேற்றைய புடவைகளை மடித்து முடிக்கும் வேளையில் சென்றால் உட்கார நாற்காலியும் முகம் பார்த்துப் பேச ஆளும் கிடைக்கும் என்பது அனைவரும் அறிந்த இரகசியம். அறிந்திருந்தும் அவ்வேளையில் செல்வோர் சிலரே என்பதால்தான் அது இன்னும் பலிக்கிறது.

இனித் தள்ளுபடி. ஆடி மாதத்தில் திருமணம் முதலிய சுபகாரியங்கள் நடைபெறாமையால் துணிக் கடைகளில் ஈயோட்டும் நிலை இருந்தது. அந்த மந்தத்தைப் போக்கவும் தேங்கிய சரக்கைத் தீர்க்கவும் வணிகர்கள் விலையைக் குறைத்து விற்கத் தலைப்பட்டதே ஆடித் தள்ளுபடி. மக்கள் வராத மாதத்தில் அவர்களை வரவழைப்பதற்காக ஏற்பட்ட இவ்வழக்கம், வேண்டாமென்றாலும் மக்கள் வந்தே தீரும் தீபாவளிக்கும் பரவியிருப்பதைக் காணும் ஆய்வாளர், குறைக்கத் தேவையில்லாத போதும் விலை ஏன் குறைகிறது என்று சற்று நின்று யோசிக்க வேண்டும். நெரிசலில் நிற்க முடியாது என்பதால் பெரும்பாலோர் யோசிப்பதில்லை. அவசரமும் கூட்டமும் தள்ளுபடியின் இரு கைகளாக இயங்குவது இவ்வாறே.

விலைச்சீட்டில் ஒரு பெரிய தொகையை அச்சிட்டு, அதன்மேல் கோடு கிழித்து, கீழே சிறிய தொகையைச் சிவப்பு மையில் காட்டும் முறையின் ஆற்றலை விளக்கும் பரிசோதனை ஒன்றை அமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்னும் உளவியலாளர் இருவர் 1974இல் வெளியிட்டனர். ஐக்கிய நாடுகள் அவையில் ஆப்பிரிக்க நாடுகளின் விழுக்காடு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், ஒரு சுழல் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது காட்டும் எண்ணைவிட விடை கூடுதலா குறைவா என்று கேட்டனர். சக்கரத்தில் 10 விழப் பார்த்தவர்களின் மதிப்பீடு நடுவளவில் 25 ஆகவும், 65 விழப் பார்த்தவர்களின் மதிப்பீடு 45 ஆகவும் இருந்தது. கேள்வியோடு எள்ளளவும் தொடர்பில்லாத ஓர் எண் மனத்தில் நங்கூரமாக இறங்கி, பின்வரும் மதிப்பீடுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் இவ்வியல்பை நங்கூர விளைவு என்பர். படித்தவர்களே சக்கரத்துக்கு வசப்பட்டார்கள் என்னும்போது, குளிரூட்டிய நான்காம் தளத்தில் நாதஸ்வர இசையின் நடுவே 4,999 ரூபாயின் மேல் கோடு கிழித்து 2,499 என்று எழுதியிருப்பதைக் காணும் குடும்பத்தலைவர் அந்தப் புடவையை வாங்குவதன் மூலம் தமக்கு 2,500 ரூபாய் வருமானம் வந்துவிட்டதாக வீட்டில் கணக்குச் சொல்வதில் வியப்பில்லை. அந்த வருமானத்தை வேறு எங்கும் செலவழிக்க முடியாது என்பது மட்டுமே அதன் குறை.

இங்கே கொஞ்சம் வாய்ப்பாடு உதவும். "50% + 20% தள்ளுபடி" என்ற அறிவிப்பைக் கூட்டி 70 என்று மகிழ்வோர் உண்டு. 2,000 ரூபாய்ப் புடவை பாதியாகி 1,000 ஆனபின், அந்த 1,000இல் 20 விழுக்காடு குறைந்து 800 ஆகிறதாகையால் உண்மைத் தள்ளுபடி 60 விழுக்காடுதான். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. அதுவும் மூன்று சட்டைகள் தேவைப்படுபவருக்கு மட்டும். "50% வரை" என்ற அறிவிப்பில் 50 கூரைவரை உயர்ந்து நிற்க, "வரை" அதன் காலடியில் எறும்பளவு எழுத்தில் ஒண்டிக்கொண்டிருக்கும். அந்த ஐம்பது பெரும்பாலும் போன ஆண்டின் மிச்சமான, கழுத்துப்பட்டை சற்று மஞ்சளேறிய, 46 அளவுச் சட்டை ஒன்றுக்கே உரியது என்பது நேரில் சென்றவர்க்குத் தெரியும்.

நிதானம் என்பதைக் கற்க விரும்புவோர் இத்தனை தத்துவங்களையும் விட்டுவிட்டுப் பட்டுப் பிரிவுக்குச் சென்று, வெள்ளை விரிப்பின் எதிரே அமர்ந்திருக்கும் ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி ஒருவரைக் கவனிப்பது நல்லது. புடவையின் நடுப்பகுதியை உடம்பு என்றும், தோளில் விழும் அலங்காரப் பகுதியை முந்தி என்றும், ஓரத்தைக் கரை அல்லது பார்டர் என்றும் கூறுவர். இம்மூன்றையும் மனத்துக்குள் கழற்றி மாற்றிப் பூட்டும் திறன் அவருக்கு உண்டு. "தம்பி, இதே பார்டர், உடம்பு மட்டும் அரக்குல வருமா?" என்று அவர் கேட்க, "வரும்மா, ஆனா முந்தி மாறும்" என்று விற்பனையாளர் சொல்ல, "மாறினா வேணாம், அந்த மயில்கழுத்தைப் பிரிங்க" என்று அடுத்த ஆணை பிறக்கும். மாம்பழ மஞ்சள், வாடாமல்லி, எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். நீலம் என்று புடவைகள் மலைபோல் குவிந்தாலும், அவர் முகத்தில் குற்றவுணர்வின் நிழலும் படிவதில்லை. பிரித்துக் காட்டினார்களே என்பதற்காக வாங்குதல் என்னும் கூச்சம் ஆண்களுக்கும் இளையோர்க்கும் மட்டுமே உரிய நோய்; கடைகளின் இலாபத்தில் அதற்கு ஒரு தனிப் பங்கு உண்டு என்று துணிந்து கூறலாம். இறுதியில் ஒரு புடவையைக் கையில் எடுத்து, கடையின் விளக்கொளி நிறத்தைப் பொய்யாகக் காட்டும் என்பதால் பகல் வெளிச்சத்துக்காக வாசல்வரை சென்று, அங்கே முந்தியைத் திருப்பிப் பின்புறத்து நூலையும் பார்த்து, பட்டுக்குரிய சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்றும் நோக்கிவிட்டு அவர் திரும்பும்போது, கணவர் நாற்காலியில் கட்டைப்பைகளைக் காவல் காத்தவாறு உறங்கிக்கொண்டிருப்பார். நெரிசலுக்கிடையே மன அமைதி அடைந்தோர் அக்கடையில் அவ்விருவரே.

நகைப் பிரிவில் இத்தகைய அமைதி போதாது, எழுத்தறிவும் வேண்டும். நகை செய்கையில் வீணாவதாகக் கொள்ளப்படும் தங்கத்துக்கான தொகை சேதாரம், செய்பவரின் உழைப்புக்கானது செய்கூலி. ஒன்றில் தள்ளுபடி என்று பலகை வைத்தால் மற்றொன்றின் விழுக்காட்டைப் பார்ப்பதே அறிவு. 22 காரட்டைக் குறிக்கும் 916 என்ற எண்ணோடு, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியும் ஹால்மார்க் நகையில் இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் முதல் நடைமுறை. பூதக்கண்ணாடி கேட்டால் கடையில் தருவார்கள். கேட்பதற்குத்தான் வெட்கம் தடையாக நிற்கிறது.

பில்லைப் பத்திரப்படுத்துவதும் அவசியம். பெரிய கடைகளில் பிரிவில் பில் போட்டு, பணம் கட்டுமிடத்தில் இன்னொரு வரிசையில் நின்று, பொருள் பெறுமிடத்தில் மூன்றாவது வரிசையில் நிற்க வேண்டியிருப்பதால், கையிலுள்ள சீட்டு கசங்கி வியர்வையில் எழுத்தழிந்துபோவது இயல்பு. ஆயினும் பொருளில் குறை இருந்தால், கடை தன் பில்லில் குறித்த காலத்துக்குள், காலமே குறிக்காவிடில் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகமாகக் கருதுகிறது. நிறம் மாமியாருக்குப் பிடிக்கவில்லை என்பது அச்சட்டப்படி குறையாகாது.

தெருவில் நடந்துகொள்ள வேண்டிய முறையைக் காவல்துறையே ஒலிபெருக்கி வழியாக, கோபுரத்தின் மேலிருந்து, நாள் முழுதும் கற்பிக்கிறது: கழுத்துச் சங்கிலி கவனம், குழந்தையின் கை கவனம், பையை முன்பக்கம் மாட்டுக. பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்னமே முடிவு செய்வோர் "அந்த ஜூஸ் கடை" என்று சொல்லிவிடாமல் கடையின் பெயரைக் குறிப்பது நலம், ஏனெனில் அத்தெருவைச் சுற்றி ஜூஸ் கடைகளுக்குப் பஞ்சமில்லை. 2023 மே மாதம் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதை, மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கிறது. ரங்கநாதன் தெருவுக்குள் இறங்காமலும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமலும் அப்பகுதியைக் கடந்துவிட வழிசெய்யும் கட்டுமானம் அது. துணி எடுக்கச் செல்வோர்க்கு அதனால் பயனில்லை.

இவ்வளவையும் கடைப்பிடித்து, வார நாளில் சென்று, நங்கூரத்துக்கு அசையாமல், வாய்ப்பாடு பிழையாமல், வெளிச்சத்தில் பார்த்து எடுத்த புடவையும், ரவிக்கை தைக்கப்படும்வரை முழுமை பெறுவதில்லை. தீபாவளிக்கு வெகு முன்பே தெருமுனைத் தையற்கடையில் "தீபாவளி ஆர்டர் முடிந்தது" என்ற அட்டை தொங்கிவிடும் என்பதால், புடவை எடுக்கும் தேதியை உண்மையில் நிர்ணயிப்பவர் கடைக்காரரும் அல்லர், போனஸ் வழங்கும் முதலாளியும் அல்லர், தையற்காரரே. இதை உணர்ந்த தேர்ந்த குடும்பத்தினர் ஆடித் தள்ளுபடியிலேயே தீபாவளிப் புடவையை எடுத்து, ஃபால்ஸ் அடித்து, ரவிக்கைத் துணியை ஆவணி பிறக்கும் முன் அளவு ரவிக்கையோடு கொடுத்துவிடுகின்றனர். தையற்காரர் அதை மரியாதையுடன் பெற்று, சாக்கட்டியால் எண் எழுதி, மூட்டையின் அடியில் வைக்கிறார். ஐப்பசியில் கெஞ்சிக் கொடுத்தவரின் துணி அதே மூட்டையின் மேலே வந்து சேருகிறது. இரண்டும் தீபாவளிக்கு முந்தைய இரவில், பதினோரு மணிக்கு மேல், மேலிருந்து கீழாக எடுத்துத் தைக்கப்படுகின்றன.