கோதிக்கை ஓட வைத்த படலம்

மென்பொருள் அலுவலகம் என்றிருந்தால் அங்கே இப்படி ஒருவராவது இருப்பார். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். மடிக்கணினியில் ஒட்டியிருந்த விண்டோஸ் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிய தழும்பு இன்னும் தெரியும். என்ன கேம் ஆடுவீர்கள் என்று கேட்டால் "கோதிக்" என்பார். பொய். அவர் கோதிக் ஆடுவதில்லை, ஓட வைக்கிறார்.

கோதிக் என்பது ஜெர்மனியின் பிரானா பைட்ஸ் 2001-இல் விண்டோஸுக்காகச் செய்த ஆர்பிஜி. சுரங்கக் கைதிகள் தப்பாமலிருக்க மந்திரவாதிகள் ஒரு மாயத் தடுப்பை எழுப்புகிறார்கள். அது கணக்கை மீறி வளர்ந்து, எழுப்பியவர்களையே உள்ளே போட்டுப் பூட்டிவிடுகிறது. யாரும் உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. இந்தக் கதையை நம்மவர் விவரிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தமக்கும் இதற்கும் ஏதோ சம்பந்தம் உண்டு என்ற சந்தேகம் மருந்துக்கும் இராது.

நம்மவர் கணினியில் இருப்பதோ லினக்ஸ். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட வைன் இருக்கிறது. 1993-இல் தொடங்கிய வேலை, 1.0 என்று எண் போட்டுக்கொள்ள 2008 ஆனது. அந்தப் பொறுமை புழங்குகிறவர்களுக்கும் தொற்றிக்கொள்ளும். நேற்று வெறும் கறுப்புத் திரை. இன்று கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு தெரிகிறது. "செம முன்னேற்றம்" என்று வீட்டுக்குள் வந்து அறிவிப்பார். சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருக்கும் மனைவி தலையாட்டுவார். டெர்மினலில் 'ஃபிக்ஸ்மீ' என்று தொடங்கும் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். வைனில் இன்னும் எழுதி முடிக்காத இடத்தை விளையாட்டு தொட்டுவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். கரண்ட் பில்லையும் கடைவாய்ப் பல்வலியையும் கண்டுகொள்ளாமல் விடத் தெரிந்த மனிதருக்கு இதை மட்டும் விடத் தெரியாது.

படம் வரைய கோதிக்குக்குத் தெரிந்தது பழைய டைரக்ட்3டி 7. அதை டிஜிவூடூ என்ற கருவி 11-ஆக மாற்றும். அந்த 11-ஐ டிஎக்ஸ்விகே வாங்கி லினக்ஸுக்குப் புரியும் வல்கனாக மாற்றும். வைனே நேராக ஓப்பன்ஜிஎல்லுக்கு மாற்றித் தருமே, அது போதாதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் கடைசி பஸ் போய்விடும்.

படத்தை விடுங்கள், பாட்டுதான் பெரும்பாடு. கோதிக்கின் இசைக்கு டைரக்ட்மியூசிக் வேண்டும். வைன் அதை நெடுங்காலம் அரைகுறையாகத்தான் வைத்திருந்தது. காடு, சுரங்கம், முகாம் எல்லாம் ஊமையாகக் கிடக்கும். பரிகாரம் இதுதான்: மைக்ரோசாஃப்டின் அசல் டிஎல்எல்களையே கொண்டுவந்து, வைன் தன் போலி விண்டோஸை வைத்திருக்கும் பிரிஃபிக்ஸ் என்ற கோப்புறையில் வைத்து, வைனின் சொந்தச் சரக்கை ஓரங்கட்டி, 'நேட்டிவ்' என்று ஓவர்ரைடு போட வேண்டும். மைக்ரோசாஃப்ட் வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் செய்தவர், ராத்திரி பதினொரு மணிக்குப் பகையாளி வீட்டுக் கொல்லைப்புறமாகப் போய்ச் சாமான் வாங்கி வருகிற மாதிரி வாங்கி வருவார். பகலில் இதைப் பற்றிப் பேச மாட்டார்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது ஆட்டம் தொடங்கிப் பார்ப்பது அவர் வழக்கம். தொடங்கியதும் டியாகோ என்ற கைதி வந்து பேசுவான். அவன் பேச்சு இவருக்கு ஏற்ற இறக்கத்தோடு மனப்பாடம். குரல் பிசிறுகிறதா, இசை பின்னால் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, அவன் முடித்ததும் வெளியேறிவிடுவார். டியாகோவுக்குப் பிறகு கதை எப்படிப் போகிறது என்று கேட்டால், "நீங்க எந்த டிஸ்ட்ரோ யூஸ் பண்றீங்க?" என்பார்.

இப்படிப்பட்டவருக்கு அக்கா மகன் ஒருவன் இருப்பான். அவன் ஸ்டீம் டெக்கோடு வீட்டுக்கு வருவான். 2022-இல் வந்த அந்தக் கைக்கருவியில் இருப்பது லினக்ஸ். அதில் விண்டோஸ் ஆட்டங்களை ஓட்டுவது ப்ரோட்டான். ப்ரோட்டானுக்குள் இருப்பது சாட்சாத் வைன். பையன் சோபாவில் சாய்ந்தபடி ஒரு பொத்தானை அழுத்துவான். ஆட்டம் ஓடும்.

"பிரிஃபிக்ஸ் எங்கடா வெச்சிருக்கு?"

"தெரியாது மாமா."

"லாக் எங்க எழுதுது?"

"தெரியாது மாமா."

"இதெல்லாம் தெரியாம எப்படிடா ஆடுற?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் கூடிவரும். படம் பளிச்சென்று இருக்கும், பாட்டும் கேட்கும். வெளியேற ஒரு காரணமும் கிடைக்காததால் டியாகோவைத் தாண்டி நடப்பார். தரையில் கிடக்கும் பொருளை எடுக்க முடியாது. கீபோர்டை வைன் சரியாகப் படிக்கவில்லை என்று முடிவுகட்டி லேஅவுட்டை மாற்றுவார், பிரிஃபிக்ஸை அழித்துப் புதிதாகக் கட்டுவார். கடைசியில் பையன்தான் கையேட்டைப் பிரித்துப் பார்ப்பான்.

"மாமா, கன்ட்ரோல அமுக்கிக்கிட்டே மேல் அம்ப அமுக்கணுமாம். கேமே அப்படித்தானாம்."

உண்மைதான். செய்தவர்கள் அப்படித்தான் செய்து வைத்தார்கள். விண்டோஸில் ஆடியவர்களும் விழித்தார்கள். நம்மவர் பொருளை எடுத்துக்கொண்டு நாலடி வைப்பார். பறக்கத் தெரியாத ஒரு பறவை ஓடி வந்து இரண்டு கொத்துக் கொத்தும், செத்துப்போவார்.

"அடி லேட்டா விழுது, பாத்தியா? டைமிங் இஷ்யூ."

"உங்களுக்கு ஆடத் தெரியல மாமா."

"இரு, லாக் பார்த்தாத் தெரிஞ்சிடும்" என்றபடி டெர்மினலைத் திறப்பார்.