உளவாளி எழுதிய நாவல்

கேள்வி: உளவுத்துறையில் இருந்தவர்கள் எழுதும் நாவல்களில் நிஜம் எவ்வளவு?

பதில்: துப்பாக்கி குறையக் குறைய நிஜம் கூடும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவில் இயான் ஃபிளெமிங்குக்கு வாய்த்தது பெரும்பாலும் மேசை வேலை. 1953-இல் அவர் படைத்த ஜேம்ஸ் பாண்ட் அறிமுகமானதும் மேசையில்தான், சூதாட்ட மேசையில்! எம்.ஐ.5, எம்.ஐ.6 இரண்டிலும் பணியாற்றிய ஜான் லெ காரேயின் ஜார்ஜ் ஸ்மைலியோ குள்ளம், குண்டு. மூக்குக் கண்ணாடியை டை நுனியால் துடைப்பார், பழைய கோப்புகளைப் புரட்டியே துரோகியைப் பிடிப்பார். லெ காரேக்குப் புகழ் தந்த 1963-ஆம் ஆண்டு நாவல், துறையின் ஒப்புதல் பெற்றே அச்சேறியது. எனவே ராணுவ ரகசியம் தேடுவோருக்கு ஏமாற்றம்தான். ஆபீஸ் அரசியல் தாராளமாகக் கிடைக்கும். புதிதாக வாசிப்பவர்கள் சோமர்செட் மாமின் 'ஆஷெண்டன்' (1928) நூலில் தொடங்கலாம்.