வளர்க்காமல் வளர்ப்பவர்

கிளிக்காரரையும் மீன்தொட்டிக்காரரையும் எல்லா ஊரும் பார்த்திருக்கும். தம்புள்ளையில் இருப்பவர் சிலந்திக்காரர். மாத்தளைப் பக்கத்துப் பிறவி, பொருளாதார மத்திய நிலையத்தில் கத்தரிக்காய், போஞ்சித் தரகு. இரவெல்லாம் லொறிச் சத்தம், நாட்டாமைகளின் கூச்சல். அத்தனையையும் மீறி அவர் தொண்டைதான் கேட்கும். வீட்டுக்கு வந்தால் மட்டும் குசுகுசுப்பு. கூரை மரத்து இடுக்கில் பிள்ளை இருக்கிறது.

பிள்ளை என்பது புலிமுகச் சிலந்திக் குஞ்சு. சிங்கள அயலவர்களுக்குத் திவிமக்குளுவா. இப்போது கால்களோடு சேர்த்தே ஒரு ரூபாய்க் குற்றியளவு. வளர்ந்தால் உள்ளங்கையை மூடும்.

“வளர்க்கிறீங்களா அண்ணே?” என்றால் பதறிப்போவார். “ஐயோ, வளர்க்கலீங்க! அது பாட்டுக்கு இருக்கு, நான் பாத்துக்கிறேன்.”

பதறக் காரணம் உண்டு. இந்தச் சாதிச் சிலந்தி இலங்கையில் சட்டத்தின் காவலில் இருக்கிறது. பிடித்துப் போத்தலில் போட்டால் வழக்கு. வெளிநாடுகளில் காசு கொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்க்கிறவர்கள் இருப்பதால், 2019 இல் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் பட்டியலிலும் ஏற்றிவிட்டார்கள். இதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மாங்குளம் பக்கம் கிடைத்த ஓரினத்துக்கு 2012 இல் ஒரு பொலிஸ் அதிகாரியைக் கௌரவித்து ‘ராஜேயி’ என்று பெயரிட்ட கதையை மட்டும் சந்தைக் குரலில் சொல்வார். “பொலிசுலயே நமக்குச் சொந்தம் இருக்கு, பாத்துக்குங்க!”

குஞ்சுச் சிலந்தியைப் பார்த்துக்கொள்வதென்றால் பெரும்பாலும் சும்மா இருப்பதுதான். ஒளிய ஓர் இடுக்கு, கொஞ்சம் ஈரம், சில நாளைக்கொரு சின்னப் பூச்சி, தீர்ந்தது. சும்மா இருப்பதையே அவர் முழுநேர உத்தியோகமாக்கிக்கொண்டார். தும்புத்தடி அலுமாரிக்குள் பூட்டப்பட்டது. நுளம்புச் சுருளுக்குத் தடை. கடி வாங்குவது குடும்பத்தார் பாடு. கடையிலிருந்து வந்த கத்தரிக்காயில் புழு நெளிந்ததும், சமாதானமாகப் போகலாமென்று மனைவி அதை நீட்டினார். “வேணாம், வேணாம்! மருந்தடிச்ச காயி!” அந்தக் காய்தான் அன்று ராத்திரி அவர்களுக்குக் கறி.

பிறகு பிள்ளை சாப்பாட்டை நிறுத்தியது. இடுக்கு வாயில் நூல் கட்டி உள்ளே போய்விட்டது. சட்டை கழற்றப் போகிறதென்று தெரிந்தும் மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை. கழற்றி முடித்தபின்னும் பல் இறுகும்வரை இரை போடக்கூடாதே என்று கரப்பான்களை வாசலிலேயே வழிமறித்தார். வந்தவர் போனவருக்கெல்லாம் பழைய சட்டையை டோர்ச் அடித்துக் காட்டினார். “பல்லு மொதக்கொண்டு கழட்டியிருக்கா!”

கழட்டியிருக்‘கா’. பெண் பத்து வருடத்துக்கு மேலும் இருக்கும், ஆண் பருவத்துக்கு வந்த கொஞ்ச காலத்தில் போய்விடும். இந்த வயதில் ஆணா பெண்ணா என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. அவர் சொல்லிவிட்டார்.

தொட்டதில்லை. கடித்தால் நாட்கணக்கில் சதை பிடித்திழுக்கும் என்பதும் அவருக்கு மனப்பாடம்.

“அதுக்கு ஒங்கள யாருன்னாவது தெரியுமா?” மனைவி ஒருநாள் கேட்டே விட்டார்.

“தெரியாது. இந்த வீட்ல என்னயத் தெரிஞ்சவங்க எல்லாம் காசுல்ல கேக்குறாங்க.”