பவர் டேபிள் முதலாளி ஆவது எப்படி?

திருப்பூரில் முதலாளி ஆக எம்.பி.ஏ. வேண்டாம். வாடகைக்கு ஒரு ஷெட், சில ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் மெஷின்கள், சனிக்கிழமையைத் தாங்கும் நெஞ்சு. முன்னதெல்லாம் தவணையில் கிடைக்கும்.

வங்கிக்குப் போனால் முத்ரா, பிணையில்லாக் கடன் என்று படித்ததையெல்லாம் ஒப்பிக்காதீர்கள். மேலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீடு யார் பேர்ல இருக்குங்க?" என்பார். ஆகவே அப்பாவிடம் இப்போதிருந்தே நல்ல பிள்ளையாக நடந்து பழகுங்கள். உத்யம் பதிவு இலவசம். சான்றிதழை லேமினேட் செய்து மாட்டுங்கள், ஷெட்டுக்குக் களை வரும்.

இனிப் பவர் டேபிள் தொழில், அதாவது கூலிக்குத் தையல். எக்ஸ்போர்ட் கம்பெனி வெட்டிய துணியைக் கட்டுக்கட்டாக அனுப்பும். தைத்துத் திருப்ப வேண்டும், பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. ரேட்டுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் மல்லுக்கட்டலாம். பேமென்ட் எப்போது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், மரியாதையில்லை. ஜி.எஸ்.டி.க்கு மாதக் கணக்குக் காட்டுபவர் என்றால், போட்ட பில்லுக்கு மறுமாதம் 20-ஆம் தேதிக்குள் வரியைக் கட்டிவிட வேண்டும். பணம் வந்ததா என்று அரசாங்கம் விசாரிப்பதில்லை.

டெய்லர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம். "நேரமாச்சுங்ணா" என்று அவர்கள் ஷெட் வாசலில் நிற்கும்போது, நீங்கள் கம்பெனி அக்கவுண்ட்ஸ் அறையில் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருப்பீர்கள். "செக் ரெடிங்க. எம்.டி. கையெழுத்துத்தான் பாக்கி, வெளியூர் போயிருக்காருங்க." தலையாட்டிவிட்டு நேரே அடகுக்கடைக்கு வண்டியை விடுங்கள். வீட்டு நகை ஒவ்வொன்றின் எடையும் மனப்பாடமாகத் தெரியாதவர் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை.

எம்.டி.யைத் திட்டியும் பயனில்லை. அவரும் ஐரோப்பாக்காரனின் பணத்துக்குக் காத்திருக்கிறார். ஆனால் காத்திருக்கும் நாட்களுக்கு அவருக்கு ஏற்றுமதிக் கடன் என்று வங்கிப் பணம் உண்டு. உங்களுக்கு வளையல்.

சட்டம் உங்கள் பக்கம்தான், சந்தேகமே வேண்டாம். சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. அரசின் இணையதளத்தில் தாராளமாகப் புகார் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் வேறொரு கம்பெனியில் ஆர்டர் பிடித்துவைத்துக்கொள்வது உத்தமம்.

இப்படியே சில தீபாவளி போனஸைத் தாண்டிவிட்டால், உங்களிடமுள்ள கெட்டிக்கார டெய்லர் ஒருநாள் தயங்கித் தயங்கி வருவார். "அண்ணா, பழைய ஓவர்லாக் என்ன விலைங்ணா போகும்?"

தடுக்காதீர்கள். உங்களிடம் இருப்பதில் இரண்டைத் தள்ளிவிட இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ரொக்கமாக மட்டும் வாங்குங்கள்.