கணக்குக் கேக்காத, மாப்ள!

வா மாப்ள, உக்காரு. ஈபியைத் தனியாருக்குக் குடுத்துட்டா கரண்டு கட்டே ஆகாதுன்னு டீக்கடையில முழங்குனியாமே? முழங்கு, முழங்கு. தொண்டைக்கு நல்லது.

நம்ம சமயநல்லூர்ல 2001-ல ஒரு தனியார் மின் ஆலை வந்துச்சே, தெரியுமா? எண்ணெயில ஓடுறது, 106 மெகாவாட். கரண்டை வாங்குனது நீ வையிற ஈபிதான். அந்த மாதிரி ஒப்பந்தத்துல ஒரு நயம் உண்டு. ஓடுனா எண்ணெய்க் காசு தனி. ஓடத் தயாரா சும்மா நின்னாலும் நிலைக்கட்டணம் உண்டு. நீயும் இம்புட்டு வருசமா திண்ணையில தயாராத்தான் இருக்க, உனக்கு எவன் குடுத்தான்?

டெல்லிக் கதையைக் கேளு. அங்க 2002-லயே கரண்டு வினியோகத்தைக் கம்பெனிகளுக்கு விட்டாக. நூத்துக்கு 51 பங்கு அவுகளுக்கு, 49 அரசாங்கத்துக்கு. பில்லு ஏறுதுன்னு சனம் கத்தவும், 2014 ஜனவரியில கேஜ்ரிவால் சர்க்கார், அரசாங்கக் கணக்கைத் தணிக்கை பண்ணுற சிஏஜியைக் கம்பெனிக கணக்கைப் பாக்கச் சொல்லுச்சு. கம்பெனிக கோர்ட்டுக்குப் போச்சுக. 2015 அக்டோபர்ல ஐகோர்ட்டு அந்த உத்தரவையே ரத்து பண்ணிருச்சு. விலை வைக்க ஒழுங்குமுறை ஆணையம் இருக்கு, அது பாத்துக்கிடுமாம். 49 பங்கு வச்சிருக்கவனுக்கே இந்தக் கதி. ஒரு பங்கும் இல்லாத நீ பேசாம பில்லைக் கட்டு மாப்ள, அதான் மருவாதி.

ஆனா ஒண்ணு. மந்தையில முளைப்பாரிக் கணக்கு வாசிக்கையில, தலைக்கட்டு வரி முந்நூறு குடுத்த தைரியத்துல, "கற்பூரத்துக்கு நாப்பது ரூவாயா?"ன்னு எந்திரிச்சியே! நாட்டாமை வேர்த்து விறுவிறுத்து, மடியில கடைச் சீட்டைத் தேடுனாரே! அந்த வாயி கரண்டுக் கணக்குன்னா மட்டும் ஏன் ஒட்டிக்கிருச்சு?

ஈபி மட்டும் யோக்கியமான்னு மொறைக்காத. தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூவா ஸ்டாம்பு ஒட்டித் தகவல் கேட்டா அவன் பதில் சொல்லியாகணும். சொல்ற லட்சணம் வேற கதை. சிஏஜியும் ஏட்டைப் பொரட்டலாம். கம்பெனிக்காரன் வரட்டும், வேணாம்ங்கல. இந்த ரெண்டுக்கும் சம்மதம்னு ஒப்பந்தத்துல எழுதிக் குடுத்துட்டு வரட்டும்.

2022 ஆகஸ்டுல, கட்டணத்தை ஏத்துறதுக்கு முந்தி, நம்ம தமிழ்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் மதுரையிலயே கருத்துக் கேட்புக் கூட்டம் வச்சுச்சு. அன்னைக்கு நீ எங்குட்டுப் போன? செப்டம்பர்ல ஏறுன பெறகு என்கிட்ட வந்து பொலம்புன. அடுத்த கூட்டத்துக்கு ரெண்டு பேருமாப் போவோம். கேள்வியை நான் கேக்குறேன், பஸ்சுக்கு நீ டிக்கெட் எடு.