நவம்பர் 1 முகூர்த்தம்

அமெரிக்காவின் பெரிய கல்லூரிகள் கண்டுபிடித்த 'எர்லி டிசிஷன்' முறையை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். பதினேழு வயதுப் பிள்ளை, பெரும்பாலும் நவம்பர் 1-க்குள், ஒரே ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்து, "இடம் கிடைத்தால் வேறெங்கும் போகமாட்டேன்" என்று கையெழுத்துப் போட வேண்டும். பெற்றோரும் பள்ளி ஆலோசகரும் கூடவே போட வேண்டும். கல்லூரி மட்டும் எதிலும் கையெழுத்துப் போடாது. மாப்பிள்ளை வீடு அல்லவா!

செலவா? சில இடங்களில் வருடத்துக்கு 80,000 டாலரைத் தாண்டும், அவ்வளவுதான். நாலு கல்லூரிகளின் உதவித்தொகைக் கடிதங்களை அருகருகே வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்ப்பது பணமில்லாதவர்களின் கெட்ட பழக்கம். அதற்கு இங்கே இடமே இல்லை. உதவி போதாவிட்டால் விலகலாம் என்று ஒரு விதி உண்டு. பொடி எழுத்தில் படித்துக்கொள்ளலாம்.

டிசம்பரில் "இல்லை" என்று பதில் வந்தால் உடைந்துபோக வேண்டாம். ஜனவரியில் 'எர்லி டிசிஷன் 2' இருக்கிறது. அதாவது, இரண்டாவது முதல் விருப்பம்.

குறை ஒன்றுதான்: பதினேழு வயது ரொம்பத் தாமதம். ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே கட்டைவிரல் தெளிவாகத் தெரிகிறது. ரேகையை அப்போதே வாங்கிவிடலாம்.

2006-இல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும், முன்கூட்டிய சேர்க்கை வசதியுள்ளவர்களுக்கே சாதகம் என்று சொல்லி அதைக் கைவிடுவதாக அறிவித்தன. 2011-இல் இரண்டும் அதைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தன. மனம் மாறுகிற வயசு, என்ன செய்வது? ஹார்வர்டு பிறந்ததே 1636-இல்தான்.